புரட்டாத சீட்டு

முன்பணம் கட்டாதவருக்குச் சாவி கிடையாது.
முதலாளி எனக்கு வைத்த சட்டம் இந்த ஒன்றுதான்.
தோட்டப்பாளையத்தில் எங்கள் லாட்ஜ்.
பெயர்ப்பலகையில் பெங்காலி முதலில், இந்தி அடுத்து,
தமிழ் கடைசியில், இடம் போதாமல் நெருக்கி.
காட்பாடியில் ராத்திரி ரயிலைவிட்டு இறங்கி
எக்ஸ்ரே உறைகளோடு ஆட்டோவில் வருவார்கள்.

ஆளுக்கொரு சீட்டு.
ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் பணம்.
விடிகாலை ஷிப்டு மாறும்போது
மேஜையில் நாலு சீட்டு கிடக்கிறது என்று வையுங்கள்:
சாவி கொடுத்தது. சாவி கொடுக்காதது.
பணம் கட்டியது. பணம் கட்டாதது.
சட்டம் மீறியிருக்கிறதா என்று பார்க்க
எதையெல்லாம் புரட்டுவீர்கள்?

நான் யோசிக்கவே மாட்டேன்.
முதல் சீட்டு, கடைசிச் சீட்டு.
பணம் கட்டியவன் சாவி வாங்கினால் என்ன,
வாங்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தால் என்ன.
"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் தில்லிபாபு"
என்பார் பகல் ஷிப்டு ஹயாத் பாஷா.

அக்னி நட்சத்திரம், பதினோராம் நாள்.
பதினாலாம் நம்பர் அறையில் மோதிரத்தைக் காணோம்.
ஷேபாலி மண்டல், மால்டா. கீமோ நாலாவது சுற்று.
அந்த அம்மாள் அழவில்லை.
விரலை நீட்டிக் காட்டினார்,
வெளிறிய வளையமாய் ஒரு தடம்.

அறை கூட்டியவன் முனிரத்தினம்.
"நான் இன்னாத்துக்குண்ணா எடுக்கப்போறேன்"
என்றான், தரையைப் பார்த்தபடி.

திருடினவன் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான்.
இவன் பார்க்கவில்லை.
ஆகவே.

எண்ணெய் விட்ட கதவுபோல
சத்தமில்லாமல் திறந்துகொண்டது அந்த ஆகவே.
பிறகு எல்லாம் தானாக வந்து சேர்ந்தது.
புதுச் செருப்பு. இரண்டு நாள் தாமதம்.
குடியாத்தத்தில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது.

அவன் லீவில் இருந்த மாசியில்
ஒன்பதாம் அறையில் கைக்கடிகாரம் தொலைந்ததே,
அது மட்டும் வரவில்லை.
லெட்ஜரில் அதை எழுதியது என் கைதான்.

பயாப்சி முடிவுக்குக் காத்திருக்கும் எவரும்
என் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை.
சம்பளம் கூட்டிக் கேட்கப்போன நானே
முதலாளியின் பேனாமூடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
கட்டிய சீட்டைப் புரட்டி லாபமில்லை என்று தெரிந்த விரல்
இந்தச் சீட்டை மட்டும்
விடாமல் புரட்டிக்கொண்டிருந்தது.

கணக்கு முடித்துப் போனான்.
கையெழுத்துப் போடும்போதும் நிமிரவில்லை.
"பாத்தீங்களா பாய்" என்றேன்.
பாஷா தீப்பெட்டியைத் தேடுகிற மாதிரி
அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

ஆவணியில் பதினாலில் தண்ணீர் இறங்கவில்லை.
சத்துவாச்சாரி பிளம்பர்
குளியலறைச் சல்லடைக்கு அடியில் கைவிட்டு
ஒரு முடிச்சுருளை எடுத்தான்.
உள்ளங்கை அளவு, கறுப்பாய், ஈரமாய், நீளமான பெண்முடி.
அதற்குள் மோதிரம்.

மெலிந்த விரல், சோப்பு நுரை.
நடந்தது அவ்வளவுதான்.

அப்போதும்கூட,
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
முதலில் எழுந்த நினைப்பு:
பயந்துபோய் அவனே கொண்டுவந்து போட்டிருப்பானோ.

மோதிரத்தைப் பஞ்சில் சுற்றி மால்டாவுக்குக் கூரியரில் அனுப்பினேன்.
முனிரத்தினத்தின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

இப்போது அறை கூட்டுவது அணைக்கட்டுப் பக்கத்துப் பையன், யுவராஜ்.
எது கேட்டாலும் நேராகக் கண்ணைப் பார்த்துப்
பதில் சொல்கிறான்.
நேற்று அவன் போனதும் டிராயரைத் திறந்து
சில்லறையை இரண்டு தரம் எண்ணினேன்.
கள்ளன்தானே
இவ்வளவு நேராகப் பார்ப்பான்.